குடவோலையிலிருந்து டூட்டிப் பட்டியல் வரை: பணி ஒதுக்கீட்டு விதிகளின் வளர்ச்சி, காஞ்சிபுரம் வட்டாரத்தை முன்வைத்து

அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனை ஒன்றில் ஓட்டுநர், நடத்துநரின் சம்பளத்தை ஊதிய ஒப்பந்தம் முடிவுசெய்துவிடுகிறது. அவர்களுடைய அன்றாட வாழ்வை முடிவுசெய்வது டூட்டிப் பட்டியல். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கோ திருப்பதிக்கோ ஓடும் வண்டியா, ஊருக்கு ஊர் நின்று போகும் டவுன் பஸ்ஸா, விடியற்காலை முதல் நடையா, கிராமத்தில் நைட் ஹால்ட்டா என்பதைப் பொறுத்துத் தூக்கம், முதுகுவலி, வசூலை ஒட்டிய பேட்டா, பிள்ளைகளோடு இருக்கும் நேரம் எல்லாம் மாறிவிடும். பதவி ஒன்றுதான், சம்பள விகிதமும் ஒன்றுதான். அதற்குள் அடங்கிய வேலைகள் மட்டும் பல. இவற்றை யாருக்கு எது என்று பிரிக்கும் விதியாகத் தொழிற்சங்கங்கள் பணிமூப்பை முன்வைக்கின்றன. மூப்பு விதியை வயதுக்குக் காட்டும் மரியாதை என்றோ, பழையவர்கள் தங்களுக்குத் தேடிக்கொண்ட சலுகை என்றோ புரிந்துகொள்வது வழக்கம். பிரித்துக் கொடுப்பவரின் தன்விருப்பத்துக்கு அணை போடவே அது பிறந்தது என்பதும், நியாயமான நுழைவும் பணியாளரின் விருப்பப் பதிவும் இரு பக்கமும் இல்லாவிட்டால் அது அரைவிதியாகவே நிற்கும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்துக்கான மிகப் பழைய சான்று ஒன்று இதே வட்டாரத்தில் கல்லில் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (பொ.ஆ. 919, 921) வெட்டப்பட்ட இரு கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. தேர்தல் சனநாயகத்தின் முன்னோடி என்ற பெருமைக்காகவே அவை பெரிதும் பேசப்படுகின்றன. பணி ஒதுக்கீட்டு ஆவணமாக அவற்றைப் படித்தவர்கள் குறைவு. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டு, குடும்பு வாரியாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. கூடியிருந்த நம்பிமாரில், அதாவது கோயில் பூசகர்களில், வயதில் மூத்தவர் எழுந்து அக்குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடித்தார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுத்தான். அது வேறொரு வெறுங்குடத்தில் போட்டுக் குலுக்கப்பட்டது. மீண்டும் அச்சிறுவனே ஓர் ஓலையை எடுத்து நடுவரான மத்தியஸ்தனிடம் தந்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் அதை வாங்கிப் படித்தார். பிறகு நம்பிமார் அனைவரும் அதையே படித்தனர். விரல்களை மடக்கக்கூடாது என்பதுவரை எழுதிவைத்த அந்தக் கவனம் வியக்கத்தக்கது. ஓலையை மாற்றிவிடக்கூடிய ஒவ்வொரு கணத்தையும் யோசித்து அடைத்திருக்கிறார்கள்.

இப்படி 30 பேர் தேர்வானபின் நடப்பதுதான் நம் பொருளுக்கு நேரானது. அந்த 30 பேரில் யார் எந்த வாரியத்துக்கு (பணிக்குழுவுக்கு) என்பதற்கு மறுபடி குடம் வைக்கவில்லை. முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணி செய்தவர்கள், கல்வியில் மூத்தவர்கள், வயதில் மூத்தவர்கள் ஆகியோரிலிருந்து 12 பேரைச் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு எடுத்தார்கள். மீதியிருந்தவர்களில் 12 பேர் தோட்ட வாரியத்துக்கும் 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போனார்கள். அதாவது உள்ளே நுழைவதற்குச் சீட்டு, உள்ளே வந்தபின் வேலையைப் பிரிப்பதற்கு மூப்பு. கூடவே அந்த மூப்பு கெட்டிப்பட்டுவிடாமலிருக்க இரண்டு தடைகள்: பதவி 360 நாட்களுக்குத்தான், கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவரின் பெயர் குடத்துக்குள் போகாது. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமே இல்லை. அனுபவத்துக்கு மதிப்பு உண்டு, அனுபவசாலி அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட வழியில்லை.

உத்திரமேரூர்ச் சபை நிலமுள்ள பிராமணர்களின் சபை. கால் வேலிக்கு மேல் வரிகட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35க்கு மேல் 70க்குள் வயது என்ற தகுதிகளே வெளியே நிற்பவர் யார் என்பதையும் சொல்லிவிடுகின்றன. உழுதவர்களோ ஏரியில் தூர்வாரியவர்களோ பெண்களோ குடத்தின் பக்கம் வரவில்லை. ஆகவே கூலித் தொழிலாளரின் சங்க விதிக்கு அதை மூதாதையாகக் காட்டுவது சரியா என்று கேட்கலாம். மூதாதை என்று நான் சொல்லவரவில்லை. இரண்டுக்கும் இடையே வரலாற்றுத் தொடர்ச்சி எதுவும் இல்லை. சம உரிமையுள்ள ஒரு குழு, சமமில்லாத வேலைகளைத் தனக்குள் எப்படிப் பிரித்துக்கொள்கிறது என்ற சிக்கல்தான் இரண்டுக்கும் பொது. சம உரிமைக்காரர்களின் வட்டம் எவ்வளவு சிறியது என்பது வேறொரு கேள்வி. அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்தால் மூப்பு விதியே கெட்டுப்போகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஆலைத் தொழில் வந்தபோது தொழிலாளி சந்தித்த ஒதுக்கீட்டு விதி, மேஸ்திரியின் வாய்ச்சொல். ஆள் எடுப்பது, எந்த எந்திரத்தில் நிறுத்துவது, யாரை வெளியே அனுப்புவது எல்லாம் அவர் கையில் இருந்தன. மாமூலும் உறவும் சாதியும் அங்கே விலைபோயின. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், இராமாஞ்சலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் அதனோடு இணைந்து நின்ற காலத்தில் கூலியோடு மேலாட்களின் அடாவடியும் போராட்டப் பொருளாக இருந்தது. 1931இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம், ஆள் சேர்க்கும், நீக்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து எடுத்துவிடப் பரிந்துரைத்தது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம், வேலை நிபந்தனைகளை எழுத்தில் வைத்து, பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் ஆலை வாயிலருகே பலகையில் ஒட்டவேண்டும் என்றது. வாய்ச்சொல்லிலிருந்து பலகைக்கு வந்தது பெரிய பயணம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953இல் சேர்க்கப்பட்ட 25ஜி பிரிவு, ஆட்குறைப்பின்போது கடைசியாக வந்தவரே முதலில் போகவேண்டும் என்ற பொதுவிதியைத் தந்தது. 25எச் பிரிவு, மீண்டும் ஆள் எடுக்கும்போது நீக்கப்பட்டவருக்கு முன்னுரிமை தந்தது. கவனிக்க வேண்டியது, சட்டம் மூப்பை வெளியேறும் வாசலில்தான் காவலுக்கு வைத்தது. உள்ளே இருக்கும் நாட்களில் யாருக்கு எந்த வேலை என்பது நிர்வாகத்தின் உரிமையாகவே பெரிதும் நீடித்தது.

அந்த இடைவெளி மிகத் தெளிவாகத் தெரிவது போக்குவரத்தில். 1972இல் பல்லவன், சேரன், சோழன் முதலிய கழகங்கள் இயங்கத் தொடங்கின. 1975இல் விழுப்புரத்தில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் வந்தது. காஞ்சிபுரம் மண்டலம் இன்று விழுப்புரம் கழகத்தின் கீழ் இருக்கிறது. முதலாளியின் தயவில் ஓடிய தனியார் வண்டித் தொழிலாளிக்கு இது நிலையான வேலையையும் தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவுப்படியான ஒப்பந்தங்களையும் தந்தது. ஆனால் சீனியாரிட்டிப்படி டூட்டி கொடு என்பது சங்கங்கள் நெடுங்காலமாகத் திரும்பத் திரும்ப எழுப்பும் கோரிக்கையாகவே தொடர்கிறது. ஆட்சி மாறும்போதெல்லாம், செல்வாக்குள்ள சங்கத்தாருக்கு இலகுவான டூட்டி போகிறது என்ற புகாரும் மாறாமல் வருகிறது. எழுதிய விதியும் பொதுவில் ஒட்டிய மூப்புப் பட்டியலும் இல்லாத இடத்தில் சங்கமே இன்னொரு மேஸ்திரியாகிவிடும் அபாயம் உண்டு. சங்கத்தின் பக்கம் நிற்பவர்கள்தான் இதை முதலில் சொல்லவேண்டும்.

வேறு நாடுகளில் இதே சிக்கல் இன்னும் ஒரு படி நகர்ந்தது. அமெரிக்காவில் 1889இல் தொடங்கிய தபால்காரர் தேசியச் சங்கம், 1970 மார்ச் வேலைநிறுத்தத்துக்கும் அவ்வாண்டின் அஞ்சல் மறுசீரமைப்புச் சட்டத்துக்கும் பின் முழுமையான கூட்டுப் பேர உரிமை பெற்றது. அதன் ஒப்பந்தப்படி, ஒருவர் ஓய்வுபெற்று ஒரு பீட் (தபால் வழங்கும் தடம்) காலியானால் அதைப் பலகையில் அறிவிக்கவேண்டும். வேண்டியவர்கள் விருப்பம் பதிவார்கள். தகுதியுள்ளவர்களில் மூத்தவருக்கு அது போகும். இங்கே மூப்பு, வேலையைத் தலையில் சுமத்தும் வரிசையாக இல்லை; தேர்ந்தெடுக்கும் வரிசையாக இருக்கிறது. மூத்தவர்கள் எல்லோரும் ஒரே வேலையைக் கேட்பதில்லை. ஒருவருக்கு மாலை வீடு திரும்புவது முக்கியம், இன்னொருவருக்குக் கூடுதல் வருமானம், மூட்டுவலிக்காரருக்குப் படியேறாத தெரு. யாருக்கு எது நல்ல வேலை என்பதை மேலாளர் ஊகிக்க வேண்டியதில்லை என்பதே விருப்பப் பதிவின் பலம். காஞ்சிப் பணிமனைக்கும் இது பொருந்தும்: திருப்பதி வண்டியை வேண்டாம் என்பவரும் நைட் ஹால்ட்டை விரும்பிக் கேட்பவரும் இருக்கத்தான் செய்வார்கள்.

திறமை எங்கே போனது என்று நிர்வாகத் தரப்பு கேட்கும். தகுதியை முதலில் சோதித்து, தகுதியுள்ளவர்களுக்குள் மூப்பைப் பார்ப்பதே உத்திரமேரூர் விதியிலும் தபால்காரர் ஒப்பந்தத்திலும் உள்ள வரிசை. மலைப்பாதையில் ஓட்டப் பயிற்சியில்லாதவருக்கு எந்த மூப்பும் உதவாது. கடினமான டூட்டி எல்லாம் புதியவர் தலையில் விழும் என்ற இளைஞர்களின் ஆட்சேபம் இதைவிட வலுவானது. அதை மறுக்க முடியாது, குறைக்க முடியும். ஒருமுறை கேட்டுப் பெற்ற வழித்தடத்தை ஓய்வு பெறும்வரை வைத்திருக்க விடாமல் காலவரை வைத்து, மறுபதிவுக்குத் திறந்துவிடவேண்டும். 360 நாள் விதியை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் நுழைவைப் பற்றியது. 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த டீம்ஸ்டர்ஸ் என்ற ஓட்டுநர் சங்கத்தின் வழக்கில், ஒரு சரக்கு லாரி நிறுவனம் கறுப்பினத்தவரையும் ஸ்பானியப் பெயருடையவரையும் சம்பளம் குறைந்த நகர ஓட்டங்களிலேயே வைத்திருந்தது. அவர்கள் நெடுந்தூர ஓட்டத்துக்கு மாறினால் பழைய மூப்பை இழந்து கடைசி ஆளாக நிற்கவேண்டும். பாகுபாடு நடந்ததை நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் வருவதற்கு முந்தைய அநீதியைச் சுமந்து வந்தது என்பதற்காக மட்டும் மூப்பு முறையைச் செல்லாததாக்க முடியாது என்றது. உத்திரமேரூரின் நிலத்தகுதி செய்ததையே அங்கே சேர்ந்த தேதி செய்தது. தேதி நடுநிலையானதுதான், யாரை எப்போது எந்த வாசலில் விட்டார்கள் என்பது நடுநிலையானதல்ல.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இன்று இந்தக் கேள்வி இரண்டு இடங்களில் உயிரோடு நிற்கிறது. பட்டு நெசவாளர் தம் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்கிறார். தறியில் ஏற்றிய பாவு (நெடுக்கு நூல்) தீர்ந்தால் அடுத்த பாவு எப்போது, கூலி கூடிய கோர்வைச் சேலையா எளிய சேலையா என்பதுதான் அவருடைய டூட்டிப் பட்டியல். கூட்டுறவுச் சங்கத்தில் அவர் உறுப்பினரே, ஊழியர் அல்லர்; ஆகவே ஆலைத் தொழிலாளிக்கான மூப்பு விதி அவரை எட்டுவதில்லை. இன்னொன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பகுதித் தொழிற்சாலைகள். அங்கே 2024 செப்டம்பர் 9 முதல் ஐந்து வாரத்துக்கும் மேல் நடந்த சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம், சங்கத்தை அங்கீகரிப்பதையே முதல் கோரிக்கையாகக் கொண்டது. சங்கத்துக்கே அங்கீகாரம் இல்லாத இடத்தில் மூப்பை யாரிடம் கேட்பது? 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் நுழைவைச் சரிசெய்யத்தான் வந்தது. பயிலுநர், ஒப்பந்தத் தொழிலாளர் என்ற பெயர்களில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால் அந்த 480 நாள் கணக்கு யாருக்கும் நிறையாது. அந்த நாட்களையும் மூப்பில் சேர்த்து எண்ணவும், நெசவாளர் சங்கத்தில் பாவு வழங்கும் வரிசையைப் பலகையில் எழுதவும், பணிமனையில் ஆண்டுக்கொருமுறை விருப்பப் பதிவைத் திறக்கவும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. நிர்வாகமும் சங்கமும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டாலே போதும்.