நாசோ தெருவின் புனிதர்கள்

கரியர் & ஐவ்ஸ் என்றதும் பனி மூடிய பண்ணை வீடும், குதிரை இழுக்கும் சறுக்கு வண்டியும்தான் பலருக்கு நினைவில் எழும். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லச்சுப் படங்களை வெளியிட்டு 1907இல் மூடப்பட்ட அந்த நியூயார்க் நிறுவனத்துக்கு இந்த முகம் நிலைத்ததில் சேகரிப்பாளர் ஹாரி பீட்டர்ஸுக்குப் பெரும்பங்கு உண்டு. 1929, 1931 ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வந்த அவருடைய நூல், அவர்களை ‘அமெரிக்க மக்களுக்குப் படம் அச்சிட்டவர்கள்’ என்று தலைப்பிலேயே அறிவித்தது.

அந்த மக்கள் யார்? 1850 கணக்கெடுப்பின்படி அயர்லாந்தில் பிறந்த 9,61,719 பேர் அமெரிக்காவில் வாழ்ந்தார்கள். 1855இல் நியூயார்க் நகரவாசிகளில் கால்வாசிக்கும் மேலானோர் அயர்லாந்தில் பிறந்தவர்கள். பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். இந்நிறுவனம் அச்சிட்ட புனித பேட்ரிக், திரு இருதயம், மாதா படங்களை, வாங்கிய இந்த மக்களை விட்டுவிட்டு விளக்க முடியாது.

பீட்டர்ஸ் தொகுத்த பட்டியலும், பட்டறை வேலை பற்றித் திரட்டிய செய்திகளும் இல்லாவிட்டால் இத்துறையே இல்லை. சிக்கல் அவர் தலைமுறை வகுத்த தரவரிசையில் இருக்கிறது. 1930களில் நியூயார்க் சன் நாளிதழ் வெளியிட்ட முதல் ‘சிறந்த ஐம்பது’ பட்டியல் பெரிய அளவுப் படங்களுக்கானது. பக்திப் படங்களோ பெரும்பாலும் இருபது சென்ட் அளவில் விற்ற சிறிய படங்கள். அந்தப் பட்டியலில், தேர்வு தொடங்கும் முன்பே அளவு அவற்றைச் சலித்துத் தள்ளிவிட்டது. எஞ்சியதை முழு நாட்டின் ரசனை என்று படித்தது பெரும் பிழை. கல்லிலிருந்து கறுப்பில் அச்சான தாள்களுக்கு, மாதிரிப் படத்தைப் பார்த்து, ஆளுக்கொரு நிறமாகத் தீட்டிய பெண்களில் பலர் ஜெர்மானியக் குடும்பத்தினர் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பீட்டர்ஸின் வாசிப்பை மிகவும் தடுமாற வைப்பது 1855இல் நிறுவனர் நாதானியேல் கரியர் வெளியிட்ட ஒரு கேலிச்சித்திரம். பரப்புரைச் சங்கம் என்ற பொருளுள்ள தலைப்பு. போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸ் படகிலிருந்து அமெரிக்கக் கரையில் கால் வைக்கிறார். ஒரு கையில் வாள், மறு கையில் உயர்த்திப் பிடித்த சிலுவை. உடன் ஆயர்கள். கரையில் அவர்களை எதிர்கொள்ளும் சிறுவன் ‘இளம் அமெரிக்கா’. அவன் கையில் விவிலியம். குடியேறிய கத்தோலிக்கர் மீதான வெறுப்பை ‘நோ-நத்திங்’ கட்சி வாக்குகளாக மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. மாதாவையும் புனிதர்களையும் அச்சிட்ட அதே பட்டறை இதையும் அச்சிட்டது. இது வெறும் வியாபாரம் என்று பீட்டர்ஸ் தரப்பில் சொல்லலாம். சரி, வியாபாரம்தான். ஆனால் போப்பை அஞ்சிய வீட்டுக்கும் திரு இருதயத்தைச் சுவரில் மாட்டிய வீட்டுக்கும் தனித்தனியே சரக்கு வைத்த கடைக்காரர், ‘அமெரிக்க மக்கள்’ ஒரே மக்கள் அல்ல என்பதை நன்றாகவே அறிந்திருந்தார்.

எதிர்ச்சான்று ஒன்றையும் மறைக்கக் கூடாது. 1848இல் கரியர் வெளியிட்ட குவாதலூப்பே மாதா படத்தில் ஸ்பானியத் தலைப்பு உண்டு. கரியரின் பக்திப் படங்கள் நியூ மெக்சிகோவின் தகரச் சட்டங்களுக்குள் கிடைத்திருக்கின்றன. அங்கிருந்த கத்தோலிக்கர் குடியேறி வந்தவர்கள் அல்லர். மெக்சிகோவுடனான 1848 உடன்படிக்கையில் எல்லைதான் அவர்களைத் தாண்டிச் சென்றது. ஆகவே எல்லாப் புனிதர்களையும் குடியேறிகளின் கணக்கில் எழுதிவிட முடியாது. புனித பேட்ரிக்கை எழுதலாம் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

எப்போதிலிருந்து என்பதில்தான் முடிச்சு. காப்புரிமை வரியில் ஆண்டு இல்லாத படங்களுக்கு, அடியிலுள்ள பெயரும் முகவரியுமே துணை. 115 நாசோ தெரு என்றிருந்தால் 1877க்குப் பிந்தியது. 152 நாசோ தெரு என்றிருந்தால், கரியர் தனித்து இயங்கிய 1838–1856, ஐவ்ஸ் பங்குதாரராகச் சேர்ந்த பின் 1857–1872 என இரு நீண்ட இடைவெளிகளே கிடைக்கும். ஐன்சீடல்ன் என்ற சுவிஸ் யாத்திரைத் தலத்தின் பென்சிகர் சகோதரர்கள், கத்தோலிக்கப் படங்களோடும் நூல்களோடும் நியூயார்க்கில் கடை திறந்தது 1853இல். கரியரின் ஐரிஷ் புனிதர்கள் அவர்களுக்கு முந்தியவர்களா, அவர்களுடைய போட்டியால் பிறந்தவர்களா? 1847இலிருந்து பெருகிய பஞ்ச வருகையை வைத்துப் பார்த்தால் முந்தியவர்கள் என்று கொள்ளவே இடமிருக்கிறது. ‘என். கரியர்’ என்ற பெயர் மட்டுமுள்ள படம் 1857க்கு முந்தியது என்பது வரை உறுதி. 1853க்கும் முந்தியது என்று அந்தப் பெயரையும் முகவரியையும் மட்டும் கொண்டு நிறுவ இயலாது.