சூற்பை

பெண் இனப்பெருக்க உறுப்பு. பூக்கும் தாவரங்களில் சூல்களைப் பொதிந்து காப்பது சூற்பை. விலங்குகளில் முட்டையை உண்டாக்கும் உறுப்பை அண்டகம் என்பர். வேலை ஒன்றுபோல் தோன்றினாலும் இரண்டும் தோற்றத்தில் தொடர்பற்றவை.

தாவரச் சூற்பையைக் கண்ணால் பார்க்கத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் வட்டாரத்தின் பனை போதும். பனையில் ஆண் மரமும் பெண் மரமும் வேறுவேறு. ஆணை அலகுப்பனை என்றும் பெண்ணைப் பருவப்பனை என்றும் சொல்வார்கள். பெண் பூவின் சூற்பை மூன்று சூலக இலைகள் இணைந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சூல். மகரந்தம் சேர்ந்து கருவுற்றால் சூல்கள் விதைகளாகும், சூற்பைச் சுவர் நாரும் சதையுமாகப் பருக்கும். அதன் உள்ளடுக்கே கொட்டையின் ஓடு. இளங்காயைச் சீவினால் தெரியும் மூன்று கண்களும் அந்த மூன்று சூல்களின் இடம்தான். வழுவழுப்பான நுங்கு, விதைக்குள் இன்னும் இறுகாத கருவூண். சில காய்களில் இரண்டு கண், சிலவற்றில் ஒன்றே இருக்கும். மற்ற சூல்கள் விதையாகாமல் சுருங்கிப்போயிருக்கும். ஒரு பூவின் கதையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் காய் வேறு அரிது.

மனிதரில் இடுப்புக்குழியில் இரண்டு அண்டகங்கள் உள்ளன. பெண் குழந்தை பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை சுமார் 400 மட்டுமே. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் ஹார்மோன்களும் இங்கேயே சுரக்கின்றன. கோழியில் பொதுவாக இடப்பக்க அண்டகம் மட்டுமே இயங்கும்.

தூத்துக்குடிக் கடலின் முத்துச்சிப்பிக்குத் தனித்த உருண்டை அண்டகம் கிடையாது. இனப்பெருக்கத் திசு செரிமானச் சுரப்பியைச் சுற்றிப் பரவியிருக்கும். ஓட்டைப் பார்த்து ஆண், பெண் அறிய முடியாது. சில சிப்பிகள் வயது கூடும்போது பால் மாறுவதும் உண்டு. முட்டையும் விந்தும் கடல்நீரில் கலந்தே கருவுறும். முத்து இந்தத் திசுவில் பிறப்பதல்ல, மேலுறைத் திசுவில் உருவாவது. 1961க்குப் பின் இக்கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோனது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1981இல் தூத்துக்குடிப் பொரிப்பகத்தில் சிப்பிக்குஞ்சுகளை வளர்த்தெடுத்தது இந்த இனப்பெருக்க அறிவின் பலனே.

மீண்டும் பனைக்கு வருவோம். அது பூக்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். அதுவரை மரம் ஆணா பெண்ணா என்று தெரியாது. அருகில் அலகுப்பனை இல்லாவிட்டால் பருவப்பனையின் சூற்பைகள் காயாகா. ஆகவே பனங்கொட்டை ஊன்றுவோர் ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் கூட்டமாக ஊன்ற வேண்டும்.