இரும்பின் ஆயுளும் மூளையின் ஆயுளும்

1952ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ஒரு மில்லிங் இயந்திரத்தை அறிஞர்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டினர். கைச்சக்கரத்தைத் திருப்ப ஆள் இல்லை. துளையிட்ட நாடா ஒன்று ஒருபுறம் ஓடிற்று. மறுபுறம் வெட்டுளி மூன்று திசைகளிலும் நகர்ந்து உலோகத்தைச் செதுக்கிற்று. எண்களால் இயந்திரத்தை ஆளும் கலை இங்கிருந்தே தொடங்கிற்றென்று வரலாறு எழுதுவோர் கூறுவர். ஆயினும் நேயர்கள் கவனிக்கத் தக்க செய்தி வேறொன்று உண்டு. அவ்வியந்திரம் இதற்கெனப் புதிதாக வார்க்கப்பட்டதன்று. சின்சினாட்டி நகரத்துக் கம்பெனி ஒன்று மனிதர் ஓட்டுவதற்காகச் செய்து விற்ற ‘ஹைட்ரோ-டெல்’ என்னும் இயந்திரமே அது. அதன் பழைய கட்டுப்பாடுகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பூட்டினர். பழைய இயந்திரத்துக்குப் புதிய கட்டுப்பாடு பொருத்துவதை இன்று ‘ரெட்ரோஃபிட்’ என்கிறோம். அந்த வகையில் பார்த்தால் இக்கலை பிறந்ததே ஒரு ரெட்ரோஃபிட்டாகத்தான்.

இதன் முன்கதை மிச்சிகன் மாநிலத்து டிராவர்ஸ் சிட்டி என்னும் ஊரில் நிகழ்ந்தது. அங்கே ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டரின் சுழலிறகுகளைச் செய்துவந்தார். இறகின் வளைவைச் சரிபார்க்கும் தகட்டு அச்சுகளை நுட்பமாக வெட்ட வேண்டியிருந்தது. அவருடைய பொறியாளரான ஃபிராங்க் ஸ்டூலன், துளையட்டைகளால் இயங்கும் கணக்குப் பொறியைக் கொண்டு வளைவின்மீது 200 புள்ளிகளைக் கணக்கிட்டுக் கொடுத்தார். பிறகு பட்டறையில் ஒருவர் எண்களை உரக்கப் படிப்பார். இருவர் ஆளுக்கொரு கைச்சக்கரத்தை அவ்வெண்ணுக்குத் திருப்புவர். வெட்டுளி கீழே இறங்கும். மீண்டும் அடுத்த எண். மூன்று ஆட்கள் சேர்ந்து செய்த அந்த வேலையை நாடாவிடம் ஒப்படைக்கலாகாதா என்பதே பார்சன்ஸின் கேள்வி. 1949இல் அமெரிக்க விமானப்படை அவருக்கு ஒப்பந்தம் அளித்தது. அவர் மாசசூசெட்ஸ் கழகத்தாரின் உதவியை நாடினார். நாளடைவில் திட்டம் கழகத்தாரின் கைக்குச் சென்றுவிட, மூலகர்த்தா ஓரத்தில் நிற்க நேர்ந்தது. இவ்வாறு நேர்வது விஞ்ஞான வரலாற்றில் புதிதன்று. 1985இல் அவருக்கும் ஸ்டூலனுக்கும் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது.

அந்த முதற் கட்டுப்பாட்டுக் கருவியில், முற்கால வானொலிப் பெட்டிகளில் நாம் கண்ட வால்வுகளைப் போன்றவை நூற்றுக்கணக்கில் இருந்தன. பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. 1970களில் மைக்ரோபிராசஸர் வந்தது. எண்கட்டுப்பாட்டு இயந்திரம் ‘சி.என்.சி.’ ஆயிற்று. மூளை இவ்வாறு மாறிக்கொண்டேயிருக்க, உடல் மாறவில்லை. வார்ப்பிரும்பு அவசரப்படாத பொருள். வார்த்தபோது உள்ளே தங்கிய இறுக்கம் காலம் செல்லச் செல்லத் தணிகிறது. கையால் சுரண்டிச் சமன் செய்த சறுக்குத் தடங்கள், வேளைக்கு எண்ணெய் பெற்றால், ஒரு தலைமுறைக்கு மேலும் உழைக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதை வேறு. அதனுள் கெப்பாசிட்டர்கள் உலர்ந்துபோகின்றன. நினைவகத்தைக் காக்கும் பாட்டரி ஒருநாள் ஓய்ந்தால், அச்சுகளின் அளவும் வேகமும் பற்றிய குறிப்புகள் யாவும் மறைந்துவிடும். அவற்றைத் தாளில் எழுதிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்த ஃபிட்டரே புத்திசாலி. மாற்று உறுப்பு கேட்டால், அது இப்போது செய்யப்படுவதில்லை என்ற விடையே வரும். பல டன் நல்ல இரும்பு, கையகல மின்சுற்று அட்டை ஒன்றுக்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போவது இப்படித்தான்.

இதற்கு முதலில் கண்ட பரிகாரம் சற்றே குறும்பானது. நாடாவைப் படிக்கும் கருவிதான் அடிக்கடி பழுதாயிற்று. நாடாவும் எண்ணெய் பட்டுக் கிழிந்தது. ஆகவே படிப்பானின் கம்பிகளைக் கழற்றி, அவ்விடத்தில் ஒரு சிறு கணிப்பொறியை இணைத்தனர். அது நாடாவில் துளைகள் ஓடுவதைப் போன்றே மின்குறிகளை அனுப்பும். தனக்கு நாடாவே இல்லை என்பதை அறியாமல் பழைய மூளை வேலை செய்துகொண்டிருக்கும்!

ஆனால் மூளையே போய்விட்டால் என் செய்வது? ஒவ்வொரு கம்பெனியும் தன் கட்டுப்பாட்டின் உள்ளமைப்பை மூடியே வைத்திருந்தது. வாங்கியவன் இயந்திரத்துக்கு உடைமையாளன். அதன் அறிவுக்கு உடைமையாளன் அல்லன். சிறு பட்டறைக்காரனுக்கு மட்டுமா இந்தக் குறை? அமெரிக்காவின் மூன்று பெரிய மோட்டார் கம்பெனிகளும் 1994இல் ஒன்று சேர்ந்து, திறந்த அமைப்புடைய கட்டுப்பாடே தங்களுக்குத் தேவை என்று எழுத்து மூலம் கேட்க வேண்டியிருந்தது. அந்நாட்டு அரசின் தர நிறுவனம் அத்தகைய கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்றை உருவாக்கி, 1995இல் மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்கூடத்திலிருந்த நான்கு அச்சு கியர்னி-டிரெக்கர் இயந்திரத்தில் பொருத்திப் பார்த்தது. அரசின் பணத்தில் எழுதப்பட்டதாகையால் அது பொதுச் சொத்தாயிற்று. பின்னர்த் தன்னார்வலர் பலர் அதனை வளர்த்தனர். 2011 முதல் ‘லினக்ஸ்-சி.என்.சி.’ என்னும் பெயரில் வழங்கிவருகிறது. சாதாரண மேசைக் கணிப்பொறி ஒன்றே அதற்குப் போதும்.

வேலை நடைபெறும் முறையைச் சிறிது சொல்கிறேன். பழைய சர்வோ மோட்டாரும் அதனை ஓட்டும் டிரைவும் நன்றாயிருந்தால் அவற்றைக் கழற்ற வேண்டுவதில்லை. டிரைவுக்குக் கட்டளை 10 வோல்ட்டுக்கு உட்பட்ட மின்னழுத்தமாகச் செல்லும். நேர் அழுத்தமானால் ஒரு திசை, எதிர் அழுத்தமானால் மறு திசை. அச்சு எங்கே நிற்கிறதென்பதை ‘என்கோடர்’ எண்ணிச் சொல்லும். இருக்க வேண்டிய இடத்தையும் இருக்கும் இடத்தையும் புதிய கட்டுப்பாடு ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஆயிரம் முறை ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ அனுப்பும். இங்கே ஓர் ஆபத்து உண்டு. என்கோடரின் கம்பிகள் திசை மாறி இணைக்கப்பட்டால், பிழையைக் குறைப்பதாக எண்ணிக்கொண்டு கட்டுப்பாடு அதனைப் பெருக்கும். மேசை முழு வேகத்தில் பாய்ந்து கோடியில் மோதும். ஆதலால் முதற் சோதனையின்போது மோட்டாரை மரைத்தண்டிலிருந்து பிரித்துவைப்பர். அவசர நிறுத்தப் பொத்தானும் மென்பொருளின் தயவில் இருத்தல் ஆகாது. அழுத்திய மாத்திரத்தில் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை அதுவே நேரே துண்டிக்க வேண்டும்.

புது மூளை எல்லாவற்றையும் திருத்திவிடும் என்று விற்பவர் சொல்லக்கூடும்; நான் நம்புவதில்லை. நடுவில் தேய்ந்து குழிந்த தடத்தை எந்தக் கணிப்பொறியும் நேராக்காது. மரைத்தண்டின் தளர்ச்சியை எண்ணால் ஈடு செய்யலாம் என்பர். வெட்டுளியின் இழுப்பில் மேசை அத்தளர்ச்சிக்குள்ளேயே ஆடுகிறபோது அந்த எண் பொய்த்துப்போகும்.

பெங்களூரில் இச்செய்தியைக் கேட்கும் தமிழன்பர்களுக்கு இது புதிதாயிராது. 1953இல் அந்நகரில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம் தோன்றியது முதல், இயந்திரம் செய்யும் தொழில் அங்கே வேரூன்றியது. பீண்யாவின் சிறு பட்டறைகளில் இன்றும் பழைய இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுகிறார்கள். அங்கே அனுபவமுள்ள ஃபிட்டர் ஒருவரிடம் பழைய மில்லிங் இயந்திரம் ஒன்றைக் காட்டி, எந்தக் கட்டுப்பாடு வாங்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். அவர் விலைப்பட்டியலைத் தொடமாட்டார். டயல் கேஜை எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்து, இரு கைகளாலும் மேசையை முன்னும் பின்னும் தள்ளி, முள் எத்தனை கோடு அசைகிறதென்று பார்ப்பார்.