மேற்கோள்குறி எங்கே முடியுது?

இன்றைய எபிசோடை ஒரு சம்பளத் தேதியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒப்பந்தத் தொழிலாளர்களின் சம்பளப் பட்டியலைப் படிச்சு, வங்கிக்கு அனுப்புற ஃபைலா மாற்றும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தேன். ஒரு வரியில் நாலு தகவல்: ஊழியர் எண், பெயர், கணக்கு எண், தொகை. நடுவில் கமா. பெயருக்குள்ளேயே கமா வந்தா? அதுக்கு ஒரு விதி வெச்சேன். ஒற்றை மேற்கோள்குறி வந்தால் 'உள்ளே' போயாச்சு. அடுத்த மேற்கோள்குறி வரும்வரை கமா, புது வரி எதுவாக இருந்தாலும் அது வெறும் எழுத்துதான். நாலு மாதம் ஒழுங்கா ஓடியது.

ஐந்தாவது மாதம் காலையிலேயே போன். "தம்பி, இன்னும் சம்பளம் ஏறலையே?" கேட்டவர் ஒரு செக்யூரிட்டி அண்ணன். மதியத்துக்குள்ள தெரிஞ்சது, அவர் மட்டும் இல்லை, மொத்தம் 42 பேர். லாகில் ஒரு எரர்கூட இல்லை.

அந்த மாதம் புதுசா இரண்டு பேர் சேர்ந்திருந்தாங்க. ஒருவர் பெயரில் டி'குரூஸ், இன்னொருவர் பெயரில் டி'சௌசா. டி'குரூஸில் இருந்த குறியைப் பார்த்ததும் என் புரோகிராம் 'உள்ளே' போயிடுச்சு. டி'சௌசாவில் இருந்த குறியைப் பார்த்ததும் வெளியே வந்துடுச்சு. நடுவில் இருந்த 41 பேரும் ஒரு நீளமான 'பெயரா' மாறிட்டாங்க. முதல் ஆளின் ஊழியர் எண், அந்த ராட்சசப் பெயர், இரண்டாவது ஆளின் கணக்கு எண், அவருடைய தொகை. எண்ணிப் பாருங்க, சரியா நாலு தகவல். என் செக்கிங் எல்லாம் பாஸ். டி'சௌசாவுக்குப் பணம் போயிடுச்சு. டி'குரூஸும் அந்த 41 பேரும் வீட்டு வாடகைக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம நின்னாங்க.

இப்படி எழுத்துகளை வரிசையாகப் படிச்சு, "இது எண், இது பெயர், இது கமா"ன்னு துண்டுதுண்டாகப் பிரிக்கிற வேலையைச் செய்றதுதான் டோக்கனைசர். ஒவ்வொரு கம்பைலருக்கும் வாசலில் நிற்கிறது அதுதான். அதுக்கு இருக்கிற மிகப் பழைய தலைவலி: மேற்கோள் எங்கே ஆரம்பிக்குது, எங்கே முடியுது? இன்றைக்கு அந்தக் கதை.

நாம் பேசும் தமிழிலேயே இந்தச் சிக்கல் உண்டு. "நேத்து கடைக்கு வந்தேன்னு சொன்னான்." நேத்து கடைக்கு வந்தானா, இல்லை நேத்து சொன்னானா? 'என்று' என்கிற சொல், பேச்சில் அந்த 'னு', மேற்கோள் முடியும் இடத்தைக் காட்டும். ஆரம்பிக்கும் இடத்தைக் காட்டாது. ஓலைச்சுவடியில் மேற்கோள்குறியே கிடையாது. மனுஷன் சூழலை வெச்சுப் புரிஞ்சுக்குவான். மெஷினால் அது முடியாது.

முதலில் எண்ணினாங்க

1957. ஐ.பி.எம். 704 கணினிக்காக ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிடுது. புரோகிராமை 80 பத்திகள் கொண்ட அட்டையில் துளை போட்டு எழுதணும். அச்சிட வேண்டிய வார்த்தைகளை அதில் எப்படிச் சொல்வது? மேற்கோள்குறியே இல்லாமல் சொன்னாங்க. முதலில் ஒரு எண், அடுத்து 'எச்' என்ற எழுத்து, பிறகு வார்த்தை. எண் 5 என்றால், 'எச்'சுக்குப் பிறகு வரும் 5 எழுத்துகளைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கோ. அந்த 'எச்', ஹெர்மன் ஹாலரித்தின் பெயர். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் துளை அட்டை இயந்திரம் செய்தவர்.

இதில் ஒரு பெரிய நன்மை இருக்கு. அந்த 5 எழுத்துக்குள் கமா, அடைப்புக்குறி, எது வேணும்னாலும் வரலாம். டோக்கனைசர் குழம்பவே குழம்பாது. கஷ்டம் மனுஷனுக்குத்தான். வார்த்தையை மாற்றினால் திரும்ப எண்ணணும், இடைவெளிகளையும் சேர்த்து. ஒன்று குறைத்து எண்ணிட்டா, கடைசி எழுத்து வெளியே விழுந்து புரோகிராமின் பகுதியாகிடும்.

பிறகு குறி வெச்சாங்க

1960-ல் அல்கால் 60 அறிக்கை இதற்கு அழகான தீர்வு சொன்னது. திறக்கும் குறி வேறு, மூடும் குறி வேறு. அடைப்புக்குறி மாதிரியே ஒன்றுக்குள் ஒன்றும் வைக்கலாம். காகிதத்தில் அருமை. ஆனால் அன்றைய பல கருவிகளில் அந்த இரண்டு குறிகளும் இல்லை. விசைகளை மிச்சம் பிடிக்க, தட்டச்சு இயந்திரங்களில் திறக்கவும் மூடவும் ஒரே நேர்க்குறிதான். ஆஸ்கி அட்டவணையிலும் அதே சிக்கனம்: இரட்டைக் குறிக்கு 34, ஒற்றைக் குறிக்கு 39.

ஒரே குறி கதவைத் திறக்கவும் செய்யுது, மூடவும் செய்யுது. அப்போ டோக்கனைசருக்கு ஒரு ஞாபகம் வேணும்: "நான் இப்போ உள்ளே இருக்கேனா, வெளியே இருக்கேனா?" ஒரு குறி தவறினால் அதற்குப் பிறகு உள்ளே வெளியே எல்லாம் தலைகீழ். என் சம்பள ஃபைலில் நடந்தது அதுதான்.

இன்னொரு கேள்வியும் வந்தது. மேற்கோளுக்குள்ளேயே மேற்கோள்குறி வேணும்னா? ஃபோர்ட்ரான் 77 தரத்தில் சொன்ன பதில்: இரண்டு முறை போடு. 1967-ல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பி.சி.பி.எல். மொழி வேறு வழி காட்டியது. முன்னால் ஒரு நட்சத்திரக் குறி வந்தால், அடுத்த எழுத்துக்கு வழக்கமான அர்த்தம் இல்லை. கென் தாம்சனின் 'பி' மொழி அதே நட்சத்திரத்தை வெச்சுக்கிட்டது. டென்னிஸ் ரிச்சியின் 'சி' மொழியில் அது பேக்ஸ்லாஷாக மாறியது.

அந்த பேக்ஸ்லாஷ் ஆஸ்கிக்குள் வந்த கதையும் சுவாரசியம். பாப் பெமர் அதைச் சேர்க்கச் சொன்னது, அல்காலின் 'மற்றும்', 'அல்லது' குறிகளை இரண்டு சாய்கோடுகளால் எழுதத்தான். அந்த வேலையை இன்று பெரும்பாலான மொழிகள் அதுக்குக் கொடுக்கிறதில்லை.

கம்பைலருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

எனக்கு மிகப் பிடிச்ச இடம் இது. டூரிங் விருது உரையாக கென் தாம்சன் பேசியது, 1984-ல் அச்சில் வந்தது. அதில் 'சி' கம்பைலரின் டோக்கனைசரைக் காட்டுகிறார். கம்பைலரே 'சி'யில் எழுதப்பட்டதுதான். அதில் பேக்ஸ்லாஷைப் படிக்கும் பகுதி சொல்வது இதுதான்: அடுத்த எழுத்து 'என்' என்றால், 'பேக்ஸ்லாஷ் என்' மதிப்பைக் கொடு.

கொஞ்சம் நில்லுங்க. புது வரிக்கான எண் 10. அந்த 10 அங்கே எங்குமே எழுதப்படலை! 'பேக்ஸ்லாஷ் என்' என்றால் என்னன்னு கேட்டால், 'பேக்ஸ்லாஷ் என்'தான்னு பதில் வருது. அப்போ கம்பைலருக்கு எப்படித் தெரியும்? அதைக் கம்பைல் செய்த முந்தைய கம்பைலருக்குத் தெரியும். 'பேக்ஸ்லாஷ் வி' என்று புதுசா ஒன்றைச் சேர்க்கணும்னா, முதல் தடவை மட்டும் 11 என்ற எண்ணை எழுதிக் கம்பைல் செய்யணும். அப்புறம் அந்த 11-ஐ அழிச்சிட்டு 'பேக்ஸ்லாஷ் வி'ன்னே எழுதிடலாம். மூலத்தில் இருக்காது, கம்பைலர் மறக்காது.

தாம்சன் அங்கே நிற்கலை. இதே வழியில், லாகின் புரோகிராமுக்குள் ஒரு திருட்டுச் சாவியையும் கம்பைலருக்குக் கற்றுக்கொடுக்கலாம்னு காட்டினார். மூலநிரலை வரிவரியாகப் படிச்சாலும் அது கண்ணில் படாது. மேற்கோளுக்குள் ஒரு எழுத்தைப் படிக்கிற சாதாரண விஷயத்தில் தொடங்கி, நாம் எழுதாத நிரலை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியில் முடிச்சார்.

குறியை எதிராளி போட்டால்?

1998 டிசம்பரில் ஃப்ராக் என்ற ஹேக்கர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. இணையப் படிவத்தில் பெயர் கேட்கும் கட்டத்தில் ஒருவர் ஒற்றை மேற்கோள்குறியையும், அதற்குப் பிறகு ஒரு கட்டளையையும் எழுதினால் என்ன ஆகும்? தளத்தை எழுதியவர் அந்தப் 'பெயரை' அப்படியே எஸ்.க்யூ.எல். வாக்கியத்துக்குள் ஒட்டியிருந்தால், குறி மேற்கோளை மூடிடும். பிறகு வருவது பெயர் இல்லை, டேட்டாபேஸுக்கு உத்தரவு. இன்று நாம் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன்னு சொல்வது இதைத்தான். டி'குரூஸ் தெரியாமல் செய்ததை, இங்கே ஒருத்தர் தெரிஞ்சே செய்றார்.

எல்லாக் குறிக்கும் முன்னால் பேக்ஸ்லாஷ் போட்டால் போதாதா? அதிலும் ஓட்டை. ஜப்பானியர்களின் ஷிஃப்ட்-ஜிஸ் முறையில் கட்டகானா 'ஸோ' எழுத்து இரண்டு பைட்: 131, 92. ஆஸ்கியில் 92 என்றால் பேக்ஸ்லாஷ். பைட் பைட்டாகப் படிக்கிற டோக்கனைசர், ஒரு பாதி எழுத்தைப் பார்த்து பேக்ஸ்லாஷ்னு நினைச்சுக்கும். ஒரு வார்த்தை 'ஸோ'வில் முடிந்தால், அடுத்து வரும் மூடும் குறியை அது விழுங்கிடும்.

தமிழுக்கு இந்த ஆபத்து ஏன் இல்லை? அதற்கும் தாம்சனுக்கு நன்றி சொல்லணும். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில், ராப் பைக்குடன் உட்கார்ந்து, மேசையில் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் அவர் வடிவமைத்ததுதான் யூ.டி.எஃப்.-8. அதில் 'அ' என்பது மூன்று பைட்: 224, 174, 133. மூன்றுமே 127-க்கு மேல். தமிழின் எந்த எழுத்திலும் 34, 39, 92 என்ற எண்கள் வரவே வராது. அதனால் தமிழ் வாக்கியத்துக்குள் பொய்யான மேற்கோள்குறி முளைக்காது.

திரும்ப எண்ணும் இடத்துக்கு

இன்ஜெக்‌ஷனுக்கு உண்மையான மருந்து குறியை மறைப்பது இல்லை. கட்டளையையும் தகவலையும் தனித்தனியாக அனுப்புவது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிடம் இப்படிக் கேட்கும்போது, ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் அதன் நீளம் ஓர் எண்ணாகப் போகும். இத்தனை பைட் எடுத்துக்கோ, உள்ளே என்ன இருந்தாலும் அது தகவல்தான். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? ஹாலரித் பெயரில் 1957-ல் செய்ததும் அதுதான். அன்றைக்கு எண்ணுவது மனுஷனுக்குக் கஷ்டமாக இருந்தது. இன்றைக்கு எண்ணுவது மெஷின், அதுக்குக் கஷ்டமில்லை.

கமாவால் பிரிக்கும் சி.எஸ்.வி. ஃபைல் எப்படி இருக்கணும்னு, பல வருஷப் புழக்கத்துக்குப் பிறகு, 2005-ல் ஆர்.எஃப்.சி. 4180 எழுதி வெச்சது. கட்டத்துக்குள் கமா வந்தால் அது முழுவதையும் இரட்டைக் குறிக்குள் போடணும், உள்ளே அதே குறி வந்தால் இரட்டிப்பாக்கணும். பெயருக்கு நடுவில் வரும் ஒற்றைக் குறிக்கு அங்கே தனி அர்த்தமே கிடையாது. அதைப் படிச்சிருந்தால் எனக்கு அந்த நாள் வந்திருக்காது.

அன்று சாயங்காலத்துக்குள் 42 பேருக்கும் பணம் போயிடுச்சு. டோக்கனைசரைத் தூக்கிப் போட்டுட்டு, நல்லா சோதிக்கப்பட்ட லைப்ரரி ஒன்றை வெச்சேன். என் சீனியர் இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: பட்டியலை அனுப்புறவங்களே கடைசி வரியில் மொத்தம் எத்தனை பேர்னு எழுதணும், அது ஒத்துப்போகாவிட்டால் ஒரு ரூபாய்கூட நகரக்கூடாது. அடுத்த மாதம் நான் முதலில் பார்த்தது அந்த எண்ணைத்தான்.

நீங்க எழுதின புரோகிராமில், பெயர் கேட்கிற கட்டத்தில் இன்றைக்கு ஒரு டி'குரூஸைக் கொடுத்துப் பாருங்க. என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.