தூக்க மருந்து தொட்டிலுக்கு வந்த கதை

மருந்துக்கடையில் 'கார்டெனால்' என்று கேட்டால் வலிப்பு மாத்திரை கிடைக்கும். அதன் உள்சரக்கு ஃபீனோபார்பிட்டால். ஆனால் அது வலிப்புக்காகப் பிறந்ததல்ல.

1912-இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி அதை 'லூமினல்' என்ற பெயரில் தூக்க மருந்தாக விற்றது. ஃபிரைபர்க்கில் ஆல்ஃபிரெட் ஹாப்ட்மன் என்ற இளம் டாக்டர், வலிப்பு நோயாளிகளின் வார்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். ராத்திரியெல்லாம் நோயாளிகள் கட்டிலிலிருந்து விழும் சத்தம். அவர்களும் தூங்கட்டும், தானும் தூங்கலாம் என்று லூமினல் கொடுத்தாராம். மறுநாள் பகலிலும் வலிப்பு குறைந்திருந்தது!

முதல் உலகப்போரில் ஜெர்மன் மருந்துகளின் வரத்து நின்றது. பிரெஞ்சுக்காரர்கள் அதே சரக்கைத் தாங்களே தயாரித்து 'கார்டெனால்' என்றார்கள். நம் கடைக்கு வந்து சேர்ந்தது அந்த நகலின் பெயர். ஹாப்ட்மன் யூதர், 1938-இல் நாஜிகளின் டாகாவு வதைமுகாமில் அடைபட்டு, பிறகு அமெரிக்காவுக்குத் தப்பினார்.

பெரியவர்களின் மருந்து பச்சிளம் குழந்தைகளிடம் வந்தபோது கணக்கே மாறியது. 3 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 20 மி.கி. வீதம் 60 மி.கி. ரத்தக்குழாயில் மெள்ள ஏறும். ஏற ஏற நர்ஸின் கண் குழந்தையின் மூச்சிலேயே இருக்கும். பிறகு தினமும் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. சிக்கல் அங்கேதான். முதல் வாரத்தில் கல்லீரல் முழுசாக வேலைக்கு இறங்கியிருக்காது. போன மருந்தில் பாதி வெளியேறவே 4 நாளுக்கு மேலாகும்; டோஸ் மேல் டோஸ் சேர்ந்து குழந்தை அசந்து கிடக்கும், பாலுக்குக்கூட எழாது. சில வாரத்தில் கல்லீரல் விழித்துக்கொண்டால் அதே டோஸ் பற்றாது. அதனால்தான் கொஞ்சம் ரத்தம் எடுத்து, மில்லிலிட்டருக்கு 15 முதல் 40 மைக்ரோகிராமுக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

அளவு சரியாக இருந்தாலும் நம்பிவிட முடியாது. கைகால் இழுப்பு அடங்கிய பிறகும் மூளைக்குள் வலிப்பு ஓசையின்றி ஓடலாம். அதைக் கண்டுபிடிக்க உதவும் மூளைக் கண்காணிப்புக் கருவியும் வந்தேறிதான்: 1969-இல் லண்டனில், இதயம் நின்று மீட்கப்பட்டவர்களுக்காக அறிமுகமானது.

இத்தனை சிக்கல் இருந்தும் பழைய மருந்துதான் முந்துகிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் புதிய மருந்தான லெவெட்டிராசிட்டாம் 24 மணி நேரத்துக்கு வலிப்பை அடக்கியது 28 சதவீதக் குழந்தைகளிடம்தான். கிழட்டு ஃபீனோபார்பிட்டால் 80 சதவீதத்தினரிடம். இவ்வளவுக்கும் அமெரிக்காவில் பச்சிளம் குழந்தைகளின் வலிப்புக்கென்று அதற்கு முறையான அனுமதி கிடைத்தது 2022-இல்தான். சிசுக்களுக்கு ஆகாத பென்சைல் ஆல்கஹால் என்ற பதனப்பொருள் கலக்காத அந்த ஊசிமருந்தைக் கொண்டுவந்தது மும்பையின் சன் ஃபார்மா.