பெண்களில் மிகைமயிர் வளர்ச்சி

பெண்களில் மிகைமயிர் வளர்ச்சி (ஹர்சூட்டிசம்) என்பது மேலுதடு, தாடை, மார்பு, அடிவயிறு முதலிய, ஆண்களுக்கு முடி வளரும் இடங்களில் பெண்களுக்குத் தடித்த கருமுடி வளர்தலைக் குறிக்கும். ஃபெனிட்டோயின் போன்ற சில மருந்துகளால் உடலெங்கும் முடி மிகுவது இதனின்று வேறானது.

முடி வளரும் விதம்

பெண்ணுடலிலும் சூலகமும் அண்ணீரகச் சுரப்பியும் ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்பால் இயக்குநீர்களைச் சிறிதளவு சுரக்கின்றன. இவற்றுள் ஒன்றான டெஸ்டோஸ்டிரோன், தோலில் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்னும் நொதியால் வீரியம் மிக்க டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறி, மென்முடியைத் தடித்த முடியாக்குகிறது. இந்நொதியின் செயற்பாடு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே முடியின் அளவைக் கொண்டு இயக்குநீரின் அளவைக் கணிக்க இயலாது. இரத்தத்தில் அது இயல்பாக இருந்தும் முடி மிகுவதுண்டு.

காரணங்கள்

பெரும்பாலோரில் காரணம் பல்பைச் சூலக நோய்த்தொகை ஆகும். 1935 இல் சிகாகோ மருத்துவர்களான ஸ்டெயின், லெவன்தால் ஆகியோர் இதனை விவரித்தனர். தமிழகத்தில் இதனை 'நீர்க்கட்டி' என்பர். அப்பெயர் வீண் அச்சத்தையே தருகிறது. சூலகத்தில் காணப்படுபவை முதிராது நின்றுவிட்ட முட்டைப்பைகளே. இந்நோயில் மிகும் இன்சுலின், சூலகத்தை மேலும் ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுகிறது. மாதவிடாய் தவறுதலும் பிற்காலத்தில் நீரிழிவும் இதனோடு தொடர்புடையவை.

பிறவி அண்ணீரக மிகைவளர்ச்சி, குஷிங் நோய்த்தொகை, டானசோல் போன்ற மருந்துகள் ஆகியன அரிய காரணங்கள். சில மாதங்களுக்குள் முடி விரைந்து பெருகி, குரலும் தடித்தால் சூலகத்திலோ அண்ணீரகத்திலோ கட்டி உள்ளதா எனக் காலந்தாழ்த்தாது ஆராய வேண்டும்.

கண்டறிதல்

1961 இல் ஃபெரிமன், கால்வே ஆகியோர் வகுத்த அளவுகோலின் திருத்திய வடிவில், உடலின் 9 இடங்களுக்குத் தனித்தனியே 0 முதல் 4 வரை மதிப்பெண் இடப்படுகிறது. இனத்திற்கேற்ப 4 முதல் 6 வரையோ அதற்கு மேலோ பெற்றால் மிகைவளர்ச்சியாகக் கொள்வர். நம் பெண்களிடம் இவ்வளவுகோல் எளிதில் ஏமாந்துவிடும். கஸ்தூரி மஞ்சள் பூசிக் குளிப்பதும், நூலால் முடியை நீக்குவதும் (த்ரெட்டிங்) இங்கு இளமை முதலே பழக்கம். மஞ்சளும் நூலும் இயக்குநீர்க் கோளாற்றைத் தொடுவதில்லை. அடையாளத்தை மட்டுமே மறைக்கின்றன. திருமணப் பேச்சுக்கு அஞ்சி வீட்டார் மறைப்பதும் உண்டு. எனவே முடி நீக்கும் வழக்கத்தையும் மாதவிடாய் வரலாற்றையும் மருத்துவரிடம் சொல்லுதல் இன்றியமையாதது.

மருத்துவம்

உடல் எடை மிகுந்தோர் அதனைக் குறைத்தல் இன்சுலினைத் தணிக்கும். கருத்தடை மாத்திரைகள் சூலகச் சுரப்பை அடக்குகின்றன. ஸ்பைரோனோலாக்டோன் ஆண்ட்ரோஜனின் செயலைத் தடுக்கிறது. ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடுமாதலால் கருவுற்றோருக்கு இது தரப்படுவதில்லை. ஒரு முடியின் வளர்ச்சிச் சுழற்சி நீண்டதாகையால் பயன் தெரிய ஆறு மாதங்களேனும் ஆகும். மழித்தால் முடி தடிக்கும் என்பது தவறான நம்பிக்கை.