அணுக்கலங்களின் அந்திமம்

கப்பலொன்று கடலில் இறக்கப்படும் நாளை வரலாற்றாசிரியர் தவறாது குறித்து வைப்பர். அது கடமையினின்றும் நீங்கியபின் அதற்கு நேர்ந்தது யாதென வினவுவார் மிகச் சிலரே. 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் ‘நோட்டிலஸ்’ என்னும் அணுநீர்மூழ்கி கடலில் இறங்கிய பின்னர் இவ்வினா தவிர்க்கவியலாததாயிற்று.

அணுவுலையை நிறுத்திய பின்னரும் அதன் எரிபொருளிலிருந்து வெப்பம் வெளிப்பட்டுக்கொண்டேயிருக்கும். ஆதலின், கலம் துறையில் நிற்கும்போதும் உலையைக் குளிர்விக்கும் ஏற்பாடு இடையறாது இயங்குதல் வேண்டும். கலம் ஓய்வு பெற்றதும் எரிபொருளை அகற்றுவர். ஆயினும், நியூத்திரன்கள் தாக்கிய உருக்கு கதிரியக்கமுடையதாகவே எஞ்சும்.

அமெரிக்கர் பியூஜெற் சவுண்ட் கப்பற்றளத்தில் உலைப்பகுதியை வெட்டியெடுத்து, மூடி, ஹான்போட் என்னுமிடத்திற் சேர்த்து வருகின்றனர். பிரித்தானியரோ காலந் தாழ்த்தினர். அவர்தம் முதலாவது அணுநீர்மூழ்கியாகிய ‘டிரெட்நோட்’ 1980இல் ஓய்வு பெற்றது. 2019இல் அந்நாட்டுத் தேசிய கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்தபோது, அதுவரை ஓய்வு பெற்ற 20 கலங்களுள் ஒன்றேனும் முற்றாக அகற்றப்படவில்லை என்பது வெளியாயிற்று. அவை டெவன்போட்டிலும் றொசைத்திலும் தரித்து வைக்கப்பட்டிருந்தன. நாற்பதாண்டுக் காலச் சுமை அடுத்த தலைமுறையின் தோளில் ஏற்றப்பட்டது.

நமது அயலிலும் இதே வினா எழுகின்றது. இந்தியா 1988இல் சோவியத் ஒன்றியத்திடம் குத்தகைக்குப் பெற்ற ‘சக்ரா’ 1991இல் திருப்பி அளிக்கப்பட்டது. அதே பெயருடன் 2012இல் ரஷ்யாவிடமிருந்து வந்த மற்றொரு கலமும் 2021இல் திரும்பிச் சென்றது. அணுக்கலத்தைப் பேணும் பயிற்சியை விசாகப்பட்டினம் இவற்றாற் பெற்றது; அவற்றின் இறுதிச் சுமையோ உரிமையாளரையே சார்ந்தது. ‘அரிஹந்த்’ அத்தகையதன்று. அதன் உலைக்கு மாதிரியானது தமிழகத்துக் கல்பாக்கத்தில், தரையிலேயே இயக்கிப் பார்க்கப்பட்டது. கலம் 2009இல் விசாகப்பட்டினத்தில் நீரில் இறக்கப்பட்டு, 2016இல் படையிற் சேர்ந்தது. இரவற் கலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். சொந்தக் கலத்தை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

இவ்வினா நமக்கு அந்நியமானதன்று. திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957இல் பிரித்தானியரிடமிருந்து இலங்கையின் கைக்கு வந்தது. 1971இல் இலங்கையின் முன்முயற்சியால் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனஞ் செய்தது. வல்லரசுகளின் போட்டியையும் அணுவாயுதங்களையும் விலக்குவதே அதன் நோக்கமாகும். ஓய்வு பெறும் உலைகளின் கதியை அன்று எவரும் முதன்மைப்படுத்தவில்லை. இன்று அதனைக் கேட்கும் உரிமை கரையோர மக்கள் அனைவர்க்கும் உண்டு. கலம் கட்டத் தொடங்கும் நாளிலேயே அதனை எங்கே, எவர் பொறுப்பில், எச்செலவில் அகற்றுவது என்பதையும் அரசுகள் அறிவித்தல் வேண்டும். வரலாற்று மாணவராகிய நாமும் கலம் பிறந்த ஆண்டோடு அது முடிந்த வகையையும் நமது ஏடுகளில் எழுதப் பழகுவோமாக.